மூத்த மகளுக்குப் பட்ட கடன்

(ஜொகூர், குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் மாதர் பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற தாய் ஒருவர், அண்மையில் தம் மூத்த மகளோடு ஆபீசுக்கு வந்தார். மகளுக்கு ஒரு பாரம் நிரப்ப வேண்டும். "படிப்பு எதுவரை?" என்று கேட்டேன். மகள் பேசவில்லை. தாய்தான், "நாலாம் வகுப்பு, தம்பி. நான்தான் நிறுத்தினேன்" என்றார்.

அது 1976ஆம் ஆண்டு. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் நால்வர், கடைசி கைக்குழந்தை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே விடியுமுன் பெரட்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆயாக் கொட்டகையில் ஏற்க மாட்டார்கள். நிரைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் பத்து வயதுப் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். அந்த வாரம் முடியவே இல்லை.

"மத்த மூணும் படிச்சுதுங்க. சோறு குழைஞ்சாலும் இவளைத்தான் அடிச்சேன். ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை" என்று அந்தத் தாய் கண் கலங்கினார். மகளோ, "பாரத்தை முடிச்சிடுங்க, பஸ் போயிடும்" என்றார்.

தோழர்களே! குற்றம் அந்தத் தாயுடையது மட்டுந்தானா? கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டிலேயே, தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென்று தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தம்பியை யார் தூக்குவது என்று சொல்லவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பிரசவத்துக்கு 60 நாள் கொடுத்தது. அறுபத்தோராம் நாள் குழந்தையை ஏந்தியது யார்? பல வீடுகளில் மூத்த மகள்தான். அவள் உழைப்பு எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. செக்ரோல் எழுதும் கிராணி நான். எனக்கு அது தெரியும்.

2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். 2023 முதல் பிரசவ விடுமுறை 98 நாள். நல்லதே. ஆனால் காலை ஐந்து மணிக்குச் சட்டம் லயத்துக்கு வந்து குழந்தையைத் தூக்காது. ஆகவே பெரட்டுக்கு முன்பே குழந்தைகளை ஏற்க ஆள் வேண்டுமென்று கேட்போம். பிள்ளை நோயுற்ற நாளில் தாய்க்குச் சம்பளத்தோடு விடுப்புக் கேட்போம். தகப்பன்மார்களே, அடுப்படி வேலையை மகனுக்கும் பழக்குங்கள், நீங்களும் பழகுங்கள்.

உங்கள் லயத்தில் எந்தப் பெண்பிள்ளையாவது "ஒரு வாரத்துக்கு" நின்றிருந்தால், அந்த வாரம் முடியுமுன் சங்கத்துக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் மூத்தவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசுங்கள். அதற்குத் துரையின் உத்தரவு தேவையில்லை.