தண்ணி எங்கே தேங்கி நிற்கிறது?

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தண்ணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும், "கொதிக்க வைத்துக் குடிங்க, அவ்வளவுதானே ஐயா?" என்று நீங்கள் நினைக்கலாம். அது சரிதான். அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் தண்ணி நமக்கு நோய் கொடுப்பது வாய் வழியாக மட்டும் இல்லை. தோல் வழியாகவும் கொடுக்கும், மூச்சு வழியாகவும் கொடுக்கும். இந்த மூன்றையும் விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நம்ம பிள்ளைகளும் இப்போது வேலை தேடி எல்லா ஊருக்கும்தானே போகிறார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நம்ம மலையில் ஓடுவது போல ஆறும் இல்லை, பீலியும் இல்லை. சுண்ணாம்புக் கல் நிலம். மழைத்தண்ணி அந்தக் கல்லுக்குள் இறங்கித் தங்கும். அதைத்தான் கிணறு வெட்டி எடுக்கிறார்கள். மேலே எதை ஊற்றினாலும் அது சீக்கிரமாகக் கிணற்றில் சேர்ந்துவிடும். மலக்குழியும் கிணறும் பக்கத்தில் இருந்தால் கிருமி போகும்; தோட்டத்துக்குப் போட்ட உரமும் போகும். நெருப்புக்காய்ச்சல் கூடுதலாகப் பதிவாகி வந்த மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. இது வாய் வழி.

சுன்னாகத்தில் நடந்ததையும் கேளுங்கள். மின் நிலையப் பகுதியிலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தடித் தண்ணியில் கலந்து, சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா கொடுக்கும்படி 2019 ஏப்ரலில் தீர்ப்பானது. எண்ணெய் என்றபடியால் மணத்தது, மக்களும் கண்டுபிடித்தார்கள். கிருமியும் உரமும் மணக்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் உரத்தின் நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். அதனால் "பார்க்க நல்ல தண்ணி" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

தோல் வழிக்கு உதாரணம், 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம். தண்ணி வடிந்த பிறகு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களே போய்விட்டன. எலியின் சிறுநீர் கலந்த தண்ணி, காலில் உள்ள சின்னப் புண் வழியாகப் போனாலே போதும்.

மூன்றாவது மூச்சு வழி. இதைப் பற்றித்தான் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1976ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒன்றில் பழைய இராணுவ வீரர்களின் மாநாடு நடந்தது. வந்தவர்கள் பலருக்குக் கடும் நியூமோனியா. 34 பேர் இறந்தார்கள். அடுத்த வருசம்தான் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அந்த வீரர்களின் சங்கத்துப் பெயரையே வைத்து அதற்கு லீஜனெல்லா என்று பெயரிட்டார்கள்.

இந்தக் கிருமி 20 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பான தண்ணியில் பெருகும். அசையாமல் நிற்கிற தண்ணி, குழாயில் பாசி, துரு, சுண்ணாம்புப் படிவு இருந்தால் அதற்கு இன்னும் வசதி. அந்தத் தண்ணி ஷவரிலிருந்து பொடித் தூறலாக வரும்போது மூச்சோடு நெஞ்சுக்குள் போகும். சாதாரணமாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

முந்திக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் துலாவால் அள்ளி உடனே குளித்தார்கள். தண்ணி தேங்கி நிற்க இடமில்லை. இன்றைக்கு மோட்டர் போட்டுக் கூரைக்கு மேலே பிளாஸ்டிக் தாங்கியில் நிரப்புகிறார்கள். நாள் முழுக்க வெயில். வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வீடுகள் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஆட்கள் வரும் முன்பு கழுவித் துடைக்க ஒரு பிள்ளை போகும். பூட்டிக் கிடந்த ஷவரை முதலில் திறக்கிறது அந்தப் பிள்ளைதான். அது நம்ம பிள்ளையாகவும் இருக்கலாம்.

அப்போ நம்ம மலையில் பயமில்லையா? நம்ம பீலித்தண்ணி குளிர்ச்சி. அதில் இந்தக் கிருமி பெருகுவது கஷ்டம். லயத்தில் வாளித்தண்ணி அள்ளிக் குளிக்கிறவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. உங்களுக்கு வயிற்றோட்டம்தான் பெரிய எதிரி. ஆனால் ஆளில்லாத பங்களாவில் ஹீட்டரை அரைச்சூட்டில் விட்டு வைத்தால் அது வேறு கதை. பங்களாவில் வேலை செய்கிற தம்பிமார் கவனமாகக் கேளுங்கள்.

சின்ன இடத்தைச் சோதிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு வெப்பமானியும் போதும். நாலு கேள்வி கேளுங்கள். தண்ணி எங்கிருந்து வருகிறது? எங்கே தேங்கி நிற்கிறது? எங்கே வெதுவெதுப்பாகிறது? எங்கே தூறலாகத் தெறிக்கிறது? பிறகு அங்கே தங்குகிறவர் யார் என்று பாருங்கள். 50 வயது தாண்டியவர், பீடி சுருட்டு பிடிக்கிறவர், நெஞ்சு நோய்க்காரருக்கு ஆபத்துக் கூட.

இனிச் செய்ய வேண்டியது. ஹீட்டர் தாங்கியில் தண்ணி 60 பாகைக்குக் குறையக் கூடாது. ஆனால் அந்தச் சூடு தோலைச் சுட்டுவிடும், பச்சைத்தண்ணி கலந்துதான் பாவிக்க வேண்டும். ஒரு கிழமை பாவிக்காத குழாயைச் சில நிமிசம் ஓடவிடுங்கள். ஷவர் என்றால் அதன் தலையைக் கழற்றிவிட்டு, அல்லது வாளித்தண்ணிக்குள் அமிழ்த்தி மெதுவாகத் திறந்து, ஜன்னலையும் திறந்து வைத்து வெளியே வந்து நில்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஷவர்த் தலையைக் கழற்றி வெள்ளைப் படிவைத் தேய்த்துக் கழுவுங்கள். தாங்கிக்கு மூடியும் நிழலும் வேண்டும். செய்த திகதியைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

"இதையெல்லாம் கேட்டால் வேலை போயிடுமோ" என்று சில பேர் பயப்படுவீங்க. மூடி இல்லாத தாங்கிக்கு மூடி கேட்பது குற்றம் இல்லை. தனியாகக் கேட்கப் பயம் என்றால் என்னிடம் சொல்லுங்கள், தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு துரையிடம் போவோம்.

கடைசியாக ஒன்று. இப்படியான இடத்தில் வேலை செய்து இரண்டு கிழமைக்குள் கடும் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குதல் வந்தால் "தடிமன்தானே" என்று கசாயம் குடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய், எங்கே, என்ன வேலை செய்தேன் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு மருந்து இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் சுகமாகும். வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கே போன் எடுத்து இதைச் சொல்லிவிடுங்கள்.