ஏஞ்சல் மீனும் அதன் குஞ்சுகளும்

(வளர்கல்வி மையத்தில் ஆற்றிய உரை)



வீட்டில் வண்ண மீன் வளர்த்துக் குஞ்சு எடுப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். எல்லா மீன்களைப் பற்றியும் ஒரே நாளில் பேச முடியாது. அதனால் ஒரே ஒரு மீனை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் ஏஞ்சல் மீன்.

கடைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். தட்டையான உடம்பு. மேலும் கீழும் நீண்ட துடுப்பு. தண்ணீரில் நிதானமாகப் போகும். இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே ஓடும் அமேசான் ஆற்றில் இது வாழ்கிறது. இன்று சென்னை கொளத்தூரிலும், கொல்கத்தாவைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பல குடும்பங்கள் வண்ண மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கின்றன.

ஏஞ்சல் மீன் சிக்லிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் இந்தக் குடும்பத்து மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருப்பீர்கள். நம் ஏரி குளங்களில் கிடைக்கும் ஜிலேபி மீன் இந்தக் குடும்பம்தான். கேரளத்துக் கரிமீனும் இதே குடும்பம். அதைக் கேரள அரசு 2010-இல் மாநில மீனாக அறிவித்தது.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. பல மீன்கள் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். சிக்லிட் மீன்கள் காவல் இருக்கும். நம் ஊர் ஜிலேபி மீனின் தாய், முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். ஏஞ்சல் மீனில் தாயும் தந்தையும் சேர்ந்து காக்கும்.

முதலில் ஜோடி வேண்டும். ஏஞ்சல் மீனைப் பார்த்து ஆண், பெண் சொல்வது கடினம். இரண்டு மீன்களை வாங்கிப் போட்டால் ஜோடி ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஆறு இளம் மீன்களை வாங்கி ஒன்றாக வளருங்கள். எட்டு, பத்து மாதத்தில் அவை பருவத்துக்கு வரும். இரண்டு மீன்கள் சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அதுதான் ஜோடி. அந்த இரண்டையும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.

தொட்டி இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக, 26 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து இருக்கும். அதைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்துப் பிறகு ஊற்றுங்கள். உப்புக் கடினமான கிணற்றுத் தண்ணீரில் முட்டை சரியாகப் பொரிக்காது. சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரைக் கலந்தால் நல்லது. காற்று மோட்டாரும், அதோடு இணைத்த ஸ்பாஞ்சு வடிகட்டியும் வேண்டும். ஸ்பாஞ்சு என்றால் குஞ்சுகள் உள்ளே இழுபடாது.

ஒரு எச்சரிக்கை. தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருக்கின்றன. சுவிட்சை அணைத்த பிறகே தொட்டிக்குள் கை விடுங்கள்.

தொட்டியில் ஒரு கற்பலகையைச் சாய்த்து வையுங்கள். இரண்டு மீன்களும் அதை வாயால் சுத்தம் செய்யும். பிறகு தாய் மீன் வரிசை வரிசையாக முட்டை ஒட்டும். ஆண் மீன் பின்னால் வந்து கருவூட்டும். சில நூறு முட்டைகள் இருக்கும். இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறும். வெள்ளையாகிப் போன முட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிடும். அந்த முட்டைகளில் பூஞ்சை பிடிக்கும். அது நல்ல முட்டைக்கும் பரவும்.

இந்த நேரத்தில் கண்ணாடியைத் தட்டக் கூடாது. கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. பயந்துபோன மீன் தன் முட்டையையே தின்றுவிடும். முதல் முறை முட்டையிடும் ஜோடியும் தின்னலாம். அதற்காக ஜோடியைப் பிரிக்க வேண்டாம். இரண்டு, மூன்று முறைக்குப் பிறகு பல ஜோடிகள் பழகிக்கொள்ளும். தொடர்ந்து தின்றால் முட்டை ஒட்டிய பலகையை வேறு தொட்டிக்கு மாற்றி, பக்கத்தில் காற்றுக் குமிழி விடுங்கள்.

மூன்றாம் நாள் முட்டை பொரிக்கும். குஞ்சுகள் ஒட்டிய இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும். அதுவே அப்போது அவற்றுக்கு உணவு. நீங்கள் எதுவும் போட வேண்டாம். போட்டால் தண்ணீர் கெடும்.

ஏழாம் நாள், எட்டாம் நாள் வாக்கில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். இனிமேல்தான் கவனம் வேண்டும். குஞ்சு பொரித்தது என்று மகிழ்ந்து இருந்துவிடுவோம். சில நாள் கழித்துப் பார்த்தால் தொட்டி காலியாக இருக்கும். காரணம் இரண்டுதான். ஒன்று பசி. மற்றொன்று அழுக்குத் தண்ணீர்.

நீந்தும் குஞ்சுக்கு உயிருள்ள சிறிய உணவு வேண்டும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பூச்சியின் முட்டை கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல் உப்பைக் கரையுங்கள். சிறிதளவு ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டுக் காற்று விடுங்கள். ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிக்கும். பிறகு காற்றை நிறுத்துங்கள். ஓடுகள் மேலே மிதக்கும். பூச்சிகள் கீழே வரும். அவற்றை ட்யூப் வழியாக எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

மீன் குஞ்சு நீந்துவதற்கு முந்தின நாளே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். நீந்திய பிறகு கடைக்கு ஓடினால் குஞ்சு காத்திருக்காது.

ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பிட்ட குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரியும். அது தெரியாவிட்டால் குஞ்சு பட்டினி என்று பொருள். முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அது மலிவுதான். ஆனால் தண்ணீரைச் சீக்கிரம் கெடுத்துவிடும். ஆர்ட்டீமியா டப்பா விலை அதிகம் என்றால் குழுவில் நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிடுங்கள்.

தினமும் அடியில் கிடக்கும் அழுக்கை மெல்லிய ட்யூபால் உறிஞ்சி எடுங்கள். கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் குஞ்சுகளுக்கு ஏஞ்சல் வடிவம் வந்துவிடும். அப்போது பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். நெருக்கடியில் குஞ்சு வளராது.

இனி முக்கியமான செய்தி. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இப்படி எழுதுங்கள்:

மே 3 – முட்டை இட்டது.
மே 5 – பொரித்தது.
மே 9 – ஆர்ட்டீமியா போட்டேன்.
மே 10 – நீந்தியது. முதல் உணவு.

செலவையும் எழுதுங்கள். உணவு, மின்சாரம், மருந்து, செத்த குஞ்சு எல்லாம் எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு, 300 முட்டையில் 100 குஞ்சு விற்பனைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவை 100-ஆல் வகுத்தால் ஒரு குஞ்சுக்கு ஆன செலவு தெரியும். அதற்குக் குறைவாக வியாபாரி கேட்டால் அது நஷ்டம். "போன தடவை 80 குஞ்சுதானே கொடுத்தீர்கள்?" என்று அவர் கேட்டால் நோட்டைத் திறந்து காட்டலாம். எழுதக் கற்ற கை நம்முடையது. நம் கணக்கை நாமே எழுதுவோம்.

எடுத்த எடுப்பில் கடன் வாங்காதீர்கள். ஒரு ஜோடி, இரண்டு தொட்டி போதும். மூன்று முறை குஞ்சைக் காப்பாற்றிய பிறகு, யார் வாங்குவார்கள் என்று விசாரித்த பிறகு, தொழிலைப் பெரிதாக்குங்கள். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் பயிற்சி பற்றிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வேண்டாத மீனை ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் நாட்டுக்கு 1952-இல் கொண்டுவந்தார்கள். அது பல நீர்நிலைகளில் பெருகி, நம் நாட்டு மீன்களுக்கு இடைஞ்சல் ஆகிவிட்டது. தொட்டி மீன் தொட்டியிலேயே இருக்கட்டும்.

சந்தேகம் இருப்பவர்கள் இப்போது கேளுங்கள்.