இடுப்பு வலியை மறைக்காதீர்!
(பிறையில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் வாளியைக் குனிந்து தூக்கும்போது இடுப்பில் 'சுளீர்' என்ற வலி. பிறகு அது கால் வரை இறங்குகிறது. "வெறும் பிடிப்பு, தைலம் போதும்" என்கிறோம். எப்போதும் அப்படியல்ல.

முதுகெலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற 23 வட்டுகள் உள்ளன. வெளியே கெட்டி நார், உள்ளே கூழ். நார் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால் கால் இழுக்கும், மரத்துப் போகும். 1934-இல் மிக்ஸ்டர், பார் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இதை விளக்கினர்.

அஞ்ச வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கத்தியின்றியே தணியும். படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடுங்கள். ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ அன்றே செபராங் ஜெயா மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் கால் மீளாமலே போகலாம்.

முழங்காலை மடக்கி, வாளியை உடலோடு ஒட்டித் தூக்குங்கள். கிராணிமார்களே, இடையிடையே எழுந்து நடங்கள்.

வேலையில் அடிபட்டால் அன்றே மண்டோரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சொக்சோ நமக்கு உண்டு. மறைத்த வலிக்கு யாரும் ஈடு தரமாட்டார்கள்.