அய்ய நாடாரின் பேரேடு



சிவகாசியிலிருந்து திருவில்லிபுத்தூர் போகும் சாலையில் ஒரு கல்லூரி இருக்கிறது. அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. 1963-இல் தொடங்கியது. கரிசல் பூமியின் பல வீடுகளில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய ஆள் அங்கே படித்தவராகத்தான் இருப்பார். அந்தப் பெயரில் இருக்கும் அய்ய நாடாரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். 1905-இல் பிறந்து 1982-இல் மறைந்தவர். விருதுநகர் என்று தனி மாவட்டம் உருவானதே 1985-இல்தான். ஆகவே அவர் வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதி சிவகாசி ராமநாதபுரம் மாவட்டத்துச் சிவகாசியாகவே இருந்தது.

பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசும்போது நமக்கு ஒரு வழக்கம் உண்டு. செய்த தர்மத்தை மட்டும் வரிசையாகச் சொல்லி, ‘வள்ளல்’ என்று முடித்துவிடுவோம். அய்ய நாடார் வியாபாரி. வரவு எழுதிய கையால் பற்றும் எழுதியவர். அவருடைய கணக்கையும் நாம் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்னால், 1899-இல், சிவகாசி எரிந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்ட நாடார்களுக்கும் மற்றச் சாதியாருக்கும் இடையே புகைந்துகொண்டிருந்த பகை அந்த ஆண்டு ஜூன் மாதம் வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து ஊரைச் சூறையாடினார்கள். வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. உயிர்களும் போயின. ‘சிவகாசிக் கொள்ளை’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அய்ய நாடாருடையது.

அடிபட்ட சமூகம் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. மகமை என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. விற்கிற சரக்கில், வருகிற மூட்டையில் இத்தனை என்று ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைப்பது. இதில் யாருடைய தாராள மனதையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. கொடுப்பது கடமை. கொடுக்காதவர் ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். விருதுநகரில் இதே வழியில்தான் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி வளர்ந்தது. வீட்டில் சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே பானையில் போட்டுவைத்த பெண்களுக்கும் அந்தப் பள்ளியில் பங்கு உண்டு. அங்கே ஆறாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு பையன் பின்னாளில் முதலமைச்சரானார். காமராஜரின் கதை நீங்கள் அறியாததல்ல. அய்ய நாடாரின் கொடை எங்கே வேர்விட்டது என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பிடி அரிசியை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

சரி, தொழிலுக்கு வருவோம். மழை பொய்க்கும் ஊர், கிணறு வற்றும் ஊர். விவசாயத்தை நம்ப முடியாது. 1922-இல் இளைஞர் அய்ய நாடாரும் உறவினர் சண்முக நாடாரும் ரயில் ஏறிக் கல்கத்தா போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளத்தான் அந்தப் பயணம். மாதக்கணக்கில் அங்கே தங்கித் தொழிலைக் கற்றார்கள். திரும்பிவந்து 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் வரவழைத்தார்கள்.

அந்த இயந்திரம் கட்டுப்படியாகவில்லை. கதை திரும்புவது அந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் கைவேலைக்கு மாற்றினார்கள். கொஞ்ச காலத்தில் இருவரும் சண்டையில்லாமல் தொழிலைப் பிரித்துக்கொண்டு தனித்தனியே நடத்தவும் செய்தார்கள். சண்முக நாடார் வழியில் வளர்ந்ததுதான் இன்றைய காளீஸ்வரி நிறுவனம்.

கைவேலை என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேரளத்திலிருந்து வரும் மட்டி மரத்தைச் சீவிக் குச்சியாக்குவார்கள். சட்டத்தில் உள்ள பள்ளங்களில் அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். ‘கட்டை அடுக்குவது’ என்று ஊரில் சொல்வது இந்த வேலையைத்தான். அடுக்கிய சட்டத்தை முதலில் மெழுகில், பிறகு மருந்தில் முக்கி எடுத்து உலர்த்துவார்கள். ஒருத்தி அடிப்பெட்டி ஒட்டுவாள், இன்னொருத்தி மேல்பெட்டி ஒட்டுவாள். பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் கலவையைத் தடவுவது வேறொரு வேலை. குச்சி நிரப்பி, லேபிள் ஒட்டி, பண்டல் கட்டும்வரை எல்லாம் விரல்கள்தான். வானம் வெறிச்சென்று கிடப்பது விவசாயிக்குச் சாபம். தீப்பெட்டிக்கோ அதுதான் வரம்.

இதே 1923-இல்தான் சுவீடன் நாட்டுத் தீப்பெட்டிக் கம்பெனி விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. உலகத் தீப்பெட்டிச் சந்தையைக் கையில் வைத்திருந்த கூட்டம் அது. பெரிய பெரிய இயந்திரங்கள், கையில் கொட்டிக் கிடக்கும் முதல். அதன் எதிரே பெண்களின் விரல்களை வைத்துக்கொண்டு இந்தக் கரிசல் ஊர் தாக்குப்பிடித்தது. சிறு உற்பத்தியாளருக்கு வரியில் கிடைத்த சலுகையும் பின்னால் கைகொடுத்தது, உண்மைதான். ஆனாலும் தொழில் ஒரே ஆலைச் சுவருக்குள் அடைந்து கிடக்காமல் தெருத்தெருவாக, வீடுவீடாகப் பரவியதுதான் அதைச் சாகவிடாமல் வைத்திருந்தது. கற்றுக்கொண்டவர் தனியே தொடங்கினார். அவரிடம் வேலை பார்த்தவர் இன்னொன்று தொடங்கினார். சாத்தூர், கோவில்பட்டி வரை தீப்பெட்டி ஆபீஸ்கள் முளைத்தன. கல்கத்தாவில் இரண்டு பேர் கற்றுக்கொண்டு வந்த தொழில் ஒரு வட்டாரத்துக்கே சொந்தமானதை, கல்லூரியைவிடப் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன்.

பட்டாசு வந்தது அடுத்த கட்டம். 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமத்தோடு பட்டாசு செய்ய வழி பிறந்தது. யுத்த காலம் வேறு. வெளிநாட்டுச் சரக்கு வருவது குறைந்தது. சிவகாசிக்காரர்கள் இடம்பார்த்து நுழைந்துவிட்டார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிள் அடிக்க வந்த அச்சகங்கள், பிறகு நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுத்தன. நேரு ‘குட்டி ஜப்பான்’ என்று சொன்னதாக ஊரில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

இதுவரை வரவுப் பக்கம். இனி பற்று.

குச்சி அடுக்கப் பெரிய பலம் வேண்டாம், சிறிய விரல் போதும். அதனால் பிள்ளைகள் வந்தார்கள். விடிவதற்கு முன்னே கிராமத்துக்கு வந்து நிற்கும் பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிப்போன குழந்தைகள். அடுக்கிய சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் இதை உலகத்துக்குக் காட்டியது. குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்புச் சொன்னது. பட்டாசு ஆலை விபத்துகளோ இன்னும் ஓயவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 35-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மறுபடி. உராய்வு, வெயில், அளவுக்கு மீறிக் குவித்த மருந்து, நெருக்கி உட்காரவைத்த ஆட்கள் என்று இந்த மாதிரி விபத்துகளின் காரணங்களை ஊரில் யாரைக் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்வார்கள். தெரிந்தே நடக்கிறது என்பதுதான் வேதனை.

இதற்கெல்லாம் 1982-இல் மறைந்த ஒரு மனிதரைப் பொறுப்பாக்குவது நியாயமா? ஆகாது. ஆனால் இவரைப் போற்றும் மேடையில் இந்தப் பேச்சே வரக்கூடாது என்பதும் நியாயமில்லை. இயந்திரம் கட்டுப்படியாகாமல் கைவேலைக்குத் திரும்பிய அதே முடிவுதான் ஆயிரக்கணக்கான அடுப்புகளை எரியவைத்தது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுத்ததும் அதே முடிவுதான். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதத்தான் வேண்டும்.

இப்படிப் பார்த்தால்தான் அந்த 1963-ஆம் ஆண்டுக் கல்லூரியின் எடை நமக்குத் தெரிகிறது. அதற்கு முந்திய ஆண்டு விருதுநகரில் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி வந்திருந்தது. 1968-இல் சிவகாசியிலேயே ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் ராஜரத்தினம் பெண்கள் கல்லூரி வந்தது. எல்லாம் வியாபாரிகளின் காசு. பிடி அரிசியில் தொடங்கிய பழக்கம் பட்டாசுப் பணத்தில் கட்டடமாக எழுந்தது. ஆனால் அய்ய நாடார் கல்லூரியில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒரு தொழிலதிபர் தன் ஆலைக்கு ஆள் தேடும் பயிற்சிக்கூடம் கட்டவில்லை. கலையும் அறிவியலும் சொல்லித்தரும் கல்லூரியைக் கட்டினார். அங்கே இயற்பியலோ வணிகவியலோ படித்து முடித்த பையனைக் கட்டை அடுக்கும் சட்டத்தின் முன்னால் திரும்ப உட்காரவைக்க முடியாது. தன் தொழிலுக்கு மலிவாகக் கிடைத்த ஆளைத் தன் காசிலேயே வெளியே அனுப்பிவைத்தவர் அவர். இதைத் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்ற ஆராய்ச்சியில் எனக்கு அக்கறையில்லை. நடந்தது அதுதான்.

இன்று பயர் ஆபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, போகிற பல தாய்மார்கள், பிள்ளையின் செமஸ்டர் பணத்துக்காகவே போகிறார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு, வருடத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்பதே அவர்களுக்கு நிச்சயமில்லை. தீப்பெட்டியிலோ, அய்ய நாடார் ஒதுக்கிய இயந்திரம் திரும்பி வந்துவிட்டது.

அந்தக் கல்லூரியில் இப்போது படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவனரின் வாழ்க்கையை எழுதப் பலர் வருவார்கள். நீங்கள் உங்கள் பாட்டியிடம் போய் உட்காருங்கள். எந்த ஆபீசில், எத்தனை வயதில், ஒரு நாளைக்கு எத்தனை கட்டை அடுக்கினார், என்ன கூலி வாங்கினார், யாரிடம் வேலை கற்றார் என்று கேட்டு எழுதுங்கள். கையால் கட்டை அடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எழுதியதைக் கொண்டுபோய் உங்கள் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள்.