பழைய காருக்கு மின்சார மோட்டார்: முதலில் எடைக் கணக்கு

(பண்ணை நேயர்களுக்கான வானொலி உரை)



செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் ஒரு விவசாயி வீட்டுக் கொட்டகையில் பழைய மாருதி 800 ஒன்று சும்மா நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் தேய்ந்துபோச்சு, பாடி மட்டும் கெட்டியாக இருக்கிறது. வீட்டுப் பையன் சொல்கிறான்: “அப்பா, எஞ்சினை இறக்கிட்டு மோட்டாரும் பேட்டரியும் வெச்சா ஓடாதா?”

ஓடும். அதில் சந்தேகம் வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, நம் சென்னை ராஜதானியில் பஸ்ஸின் பின்னால் கரியடுப்பைக் கட்டி, கரிவாயுவிலேயே ஓட்டினார்கள். வண்டியை வேறு சக்திக்கு மாற்றுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் ஓடுவது ஒன்று. ஆபத்தில்லாமல் ஓடி, நிறுத்தின இடத்தில் நிற்பது வேறொன்று. அதற்கு மோட்டார் வாங்குவதற்கு முன்னால் எடைக் கணக்குப் போட வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். மாருதி 800 போன்ற சின்னக் கார் மின்சாரத்தில் ஓடினால் பத்து கிலோமீட்டருக்குச் சுமாராக ஒன்றரை யூனிட் செலவாகும். சிங்கவரத்திலிருந்து செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய்வர ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். திண்டிவனம் போய்வர எழுபது. ஆக, செஞ்சிக்கு ஒன்றரை யூனிட், திண்டிவனத்துக்குப் பத்தரை யூனிட் வேண்டும்.

இப்போது பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற மாதிரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்றில் 1.2 யூனிட் அடங்கும். அதை அடிமட்டம் வரை இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். பாதிதான் எடுக்கலாம், அதாவது 0.6 யூனிட். ஒரு பேட்டரி சுமார் முப்பது கிலோ. திண்டிவனம் போய்வரப் பதினெட்டு பேட்டரி வேண்டும். எடை எவ்வளவு? 540 கிலோ! காரின் எடையே ஏறக்குறைய 650 கிலோதான். காரின் மேல் இன்னொரு காரை ஏற்றிய மாதிரி. ஸ்பிரிங், டயர், பிரேக் எதுவும் இதைத் தாங்காது.

செஞ்சிக்கு மட்டும் என்றால் ஆறு பேட்டரி போதும். வரிசையாக இணைத்தால் 72 வோல்ட். எடை 180 கிலோ. எஞ்சின், பெட்ரோல் டாங்க், ரேடியேட்டர், சைலன்சர் எல்லாம் இறக்கினால் சுமார் நூறு கிலோ குறையும். மோட்டாரின் எடை நீங்கலாகக் கூடுவது எண்பது கிலோ. அதாவது ஒரு ஆள் பாரம். இது சமாளிக்கக் கூடியது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இதுதான்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் திண்டிவனத்துக்கும் 13 யூனிட் பெட்டி ஒன்று போதும்; எடை சுமார் 130 கிலோ. ஆனால் விலை அதிகம். ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் மின்னணுக் கருவியும் கட்டாயம். காயலான் கடையில் கிடைக்கிற பழைய செல்களை ஒட்டவைத்துக் கட்டுவது தீயை விலைக்கு வாங்குவதுதான்.

“பழைய பம்புசெட்டு மோட்டாரைப் போடலாமா?” என்று கேட்பீர்கள். கூடாது. அது 415 வோல்ட், மூன்று பேஸ் ஏ.சி. மின்சாரத்துக்குச் செய்தது. பேட்டரி தருவது டி.சி. அந்த மோட்டாரை ஓட்ட 600 வோல்ட் அளவுக்குப் பேட்டரி அடுக்க வேண்டிவரும். தொட்டால் உயிர் போகும். கிடங்குகளில் மூட்டை தூக்கும் வண்டியின் டி.சி. மோட்டாரைச் சிலர் வாங்குகிறார்கள். அதில் ஒன்று கவனிக்கணும். சீரியஸ் வகை மோட்டாரைப் பாரம் இல்லாமல் முழு வோல்ட்டில் சுற்றவிட்டால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி, மோட்டாரே சிதறிவிடும்.

அடுத்து, மறைந்திருக்கும் இரண்டு விஷயம். எஞ்சின் போனால் அதோடு இரண்டு வேலைக்காரர்களும் போய்விடுகிறார்கள். ஒருவர் ஆல்டர்னேட்டர். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தர அதற்கென்று தனிக் கருவி வைக்க வேண்டும். இன்னொருவர் பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சல் தருகிற எஞ்சின். பூஸ்டர் உள்ள காரில் எஞ்சினை எடுத்தால் பிரேக் மிதி கல் மாதிரி ஆகிவிடும். மின்சார வாக்குவம் பம்பு ஒன்று வைத்தாக வேண்டும். கூடுதல் பாரம், கடினமான பிரேக், எதிரே கரும்பு டிராக்டர் என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2001ஆம் ஆண்டு பெங்களூரிலிருந்து வந்த ரேவா என்ற மின்சாரக் காரைப் பாருங்கள். 6 வோல்ட் ஈய பேட்டரிகள் எட்டு, மொத்தம் 48 வோல்ட். ஊருக்குள் ஓடுவதற்கான சின்ன வண்டி. பேட்டரிக்கு ஏற்றபடி வண்டியைச் செய்தார்கள். நாமோ வண்டிக்கு ஏற்றபடி பேட்டரியைத் தேடுகிறோம். அதனால்தான் கணக்கு முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக நம் இஷ்டத்துக்கு வண்டியை மாற்றக்கூடாது. பழைய வண்டிக்கு மின்சார சாதனத் தொகுதி பொருத்துவதற்கு 2016இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சோதனை நிலையத்தில் தேறிய தொகுதியாக இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்றவர்கள் பொருத்த வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் ‘மின்சாரம்’ என்று பதிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். வீட்டில் நாமே கட்டிய வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோய் விபத்து நடந்தால், நஷ்டஈடு நம் நிலத்தை விற்றுத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பதினைந்து வருஷம் தாண்டிய காரென்றால் பதிவைப் புதுப்பிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாத வண்டிக்குச் செலவு செய்வது விழலுக்கு இறைத்த நீர்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 1990 முதல் நம் மாநிலத்தில் விவசாயப் பம்புசெட்டுகள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் இலவசம். அது பாசனத்துக்கு. கிணற்றடியில் சார்ஜ் போடலாம் என்று நினைக்காதீர்கள். 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் 126ஆவது பிரிவில், அனுமதித்த காரியத்தை விட்டு வேறொன்றுக்குப் பயன்படுத்தினால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிப்பார்கள். வீட்டு இணைப்பில், எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வரும். காற்றோட்டமான இடத்தில், பீடி, தீக்குச்சி இல்லாமல் வையுங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஆகவே, நேயர்களே, வரிசை இதுதான்: தினசரி தூரத்தை எழுதுங்கள், பேட்டரி எடையைக் கணக்கிடுங்கள், பிரேக்கைச் சரிபாருங்கள், ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். நாலும் ஒத்துவந்தால், அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படையுங்கள். ஒன்று ஒத்துவராவிட்டாலும், அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வையுங்கள்.