நிலமும் விலையும் வகுத்த வாழ்வு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலத்தைக் கொண்டு வாழ்க்கையைப் பகுத்துக் காண்பது நம் முன்னோர் மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உணவும் தொழிலும் பிறவும் கருப்பொருள். தொல்காப்பியம் தந்த இந்த அளவுகோலை அமெரிக்க மண்ணில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். நாமும் பிறந்த மண்ணை விட்டு வந்து இக்காலனியில் குடியிருப்பவர்கள். ஆகவே குடிபோனவர்களின் கதை நமக்கு முற்றும் அயலானதன்று.

அட்லாண்டிக் கடலோரத்தில் ஆங்கிலேயர் குடியேற்றங்கள் பதின்மூன்று இருந்தன. முதலாவதாக நிலைபெற்றது வர்ஜீனியா. 1607ஆம் ஆண்டு ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் தேடியது பொன். கண்டது பசியும் நோயும். அது ஆளில்லாத நிலமும் அன்று. பவ்ஹாட்டன் மக்கள் அங்கே சோளம் பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்கள் தந்த தானியமும், அவர்களிடமிருந்து பறித்த தானியமுமே வந்தவர்களின் உயிரைக் காத்தன.

பொன் கிடைக்காத இடத்தில் புகையிலை கிடைத்தது. 1612ஆம் ஆண்டளவில் ஜான் ரால்ஃப் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளின் புகையிலை விதையை அங்கே பயிரிட்டார். லண்டனில் அதற்கு நல்ல விலை. செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளோ ஆழமும் அகலமும் உடையவை. கடற்கப்பல் உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் ஏறிவரும். பண்ணைக்காரர் தம் சொந்தத் துறையிலேயே கப்பலை நிறுத்திச் சரக்கேற்றினார். எனவே துறைமுக நகரம் எதற்கு, கடைத்தெரு எதற்கு? ஊர்கள் வளரவில்லை, பண்ணைகள் சிதறிக் கிடந்தன. ஆற்றுக்கு எட்டத்தில் இருந்தவர்கள் புகையிலையைப் பெரும் பீப்பாயில் அடைத்து, அந்தப் பீப்பாயையே சக்கரம்போல் சாலையில் உருட்டிக்கொண்டு துறைக்கு வந்தனர். பிற்காலத்தில் அப்பீப்பாய் ஒன்றின் எடை ஏறத்தாழ 1,000 ராத்தல்.

சரக்குக்கு ரசீது எழுதிப் பிழைக்கும் நமக்கு மற்றொரு செய்தி மிகவும் சுவைத்தது. 1730ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏற்றுமதிப் புகையிலை முழுவதும் பொதுப் பண்டகசாலைக்கு வந்து சோதனைக்கு உட்பட வேண்டும். மட்டமானதை எரித்துவிடுவார்கள், நல்லதற்கு ரசீது தருவார்கள். நாணயம் அரிதாயிருந்த அந்நாட்டில் அந்த ரசீதே கைமாறிப் பணமாக வழங்கியது! நம் ரயில்வே ரசீதைக் கொடுத்துக் கடையில் அரிசி வாங்கலாம் என்றால் எப்படி இருக்கும்?

ஆனால் புகையிலை மண்ணைத் தின்னும் பயிர். மூன்று நான்கு போகத்துக்குள் நிலம் சோர்ந்துவிடும். புதுக் காட்டை வெட்ட வேண்டும். புதுக் காடு என்றால் பழங்குடிகளை அப்பால் தள்ளுதல் என்று பொருள். வெட்டவும் நடவும் ஆள் வேண்டும். முதலில் கப்பற்கூலிக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டு உழைக்க ஒப்பிய ஏழை ஆங்கிலேயர் வந்தனர். 1619ஆம் ஆண்டு இருபது பேருக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர் கொண்டுவரப்பட்டனர். 1662ஆம் ஆண்டு, தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே என்று வர்ஜீனியாவில் சட்டம் பிறந்தது. தாய்மார்கள் இச்சட்டத்தைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். இது மண் செய்த வேலையன்று.

வடக்கே, நியூ இங்கிலாந்தில், மண் மெலிந்தது; பனிப்பாறைகள் விட்டுச்சென்ற கல் நிறைந்தது; குளிர்காலமோ நீண்டது. வயல் கொடாததைக் கடல் கொடுத்தது. காட் என்னும் மீனைப் பிடித்து உப்பிட்டு உலர்த்தினர். காட்டு மரத்தில் கப்பல் கட்டினர். மரத்தில் செதுக்கிய காட் மீன் ஒன்று மாசச்சூசெட்ஸ் சட்டமன்றத்தில் இன்றும் தொங்குகிறது. மக்கள் நெருங்கி வாழ்ந்த ஊர்கள் அவை. பிள்ளைகள் வேதம் படிக்க வேண்டும் என்ற சமய ஆர்வமும் சேர்ந்தது. 50 குடும்பம் உள்ள ஊர் ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று 1647ஆம் ஆண்டே அங்கே சட்டமாயிற்று. பண்ணைக்குப் பண்ணை காததூரம் என்றிருந்த வர்ஜீனியாவில் அது எளிதன்று.

கனெக்டிகட்டில் 1701ஆம் ஆண்டு தோன்றிய ஒரு கல்லூரிக்கு 1718ஆம் ஆண்டு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 நூல்களும் வந்தன. அனுப்பியவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை மதராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். சரக்கை விற்ற பணத்தில் கட்டடம் எழுந்தது. கல்லூரிக்கு அவர் பெயர் நிலைத்தது. மதராஸில் சேர்த்த செல்வம் எத்தனை கடல் தாண்டிற்று, பாருங்கள்!

எனினும் வடக்கத்தியார் கை தூயது என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் நல்ல மீனை ஸ்பெயினுக்கு விற்றனர். கழிவு மீனை மேற்கிந்தியத் தீவுகளுக்கு, கரும்புத் தோட்டத்து அடிமைகளின் உணவாக விற்றனர். அங்கிருந்து வந்த வெல்லப்பாகு பாஸ்டனிலும் நியூபோர்ட்டிலும் ரம் மதுவாயிற்று.

நடுப்பகுதியாகிய பென்சில்வேனியாவில் கோதுமை விளைந்தது, பிலடெல்பியா செழித்தது. அதை இங்கே விரிக்கவில்லை. தென்கோடிக் கரோலினாவில் விளைந்தது நெல். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து பிடித்துவரப்பட்டோர் பலர் அங்கே சதுப்பில் வரப்பெழுப்பினர், உரலில் குத்தினர், முறம் போன்ற கூடையில் புடைத்தனர். 1710ஆம் ஆண்டளவில் தென் கரோலினாவில் வெள்ளையரினும் கறுப்பரே மிகுதி.

அதற்கு அடுத்த நாடு ஜார்ஜியா. இடையே இருப்பது சவானா ஆறு ஒன்றுதான். மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று. ஆயினும் 1733ஆம் ஆண்டு அங்கே குடியேற்றம் தொடங்கியபோது, ஏழைகள் தம் கையால் உழைத்து வாழ வேண்டும் என்று அதை நிறுவியோர் கருதினர். தரும நிதியில் வந்தவர்க்கு 50 ஏக்கர். எவருக்கும் 500 ஏக்கருக்கு மேல் இல்லை. 1735ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமை கூடாது. அக்கரையில் அடிமை உழைப்பால் செல்வம் குவிவதைக் கண்ட இக்கரைக்காரர் பலர், தமக்கும் அடிமை வேண்டும் என்று மனுமேல் மனு எழுதினர். டேரியன் என்னும் ஊரில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களோ, அடிமை முறை வேண்டாம் என்று 1739ஆம் ஆண்டு கையொப்பமிட்டனர். 1751ஆம் ஆண்டு தடை நீங்கிற்று. அடுத்த 25 ஆண்டுகளுக்குள் ஜார்ஜியாவின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிமைகள். மண் அதே மண்தான்.