வந்தவர் பெயரும் ஊரின் பெயரும்



ஓடைப்பட்டி என்னும் பெயரில் அயற்சொல் ஏதுமில்லை. ஓடையும் தமிழ், பட்டியும் தமிழ். ஆனால் அண்மையிலுள்ள ஊர் எரசக்கநாயக்கனூர். மலையடியில் போடிநாயக்கனூர். கம்பத்தையடுத்துக் காமயகவுண்டன்பட்டி. இப்பெயர்களைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்க்கு ஓர் ஆட்சிமாற்றத்தின் வரலாறே அவற்றுள் கிடைக்கும்.

இதற்கு இணையான நிகழ்ச்சி இங்கிலாந்தில் உண்டு. கி.பி. 793-இல் இலிண்டிசுபார்ன் தீவின் துறவிமடத்தைக் கொள்ளையிட்ட வைக்கிங்குக் கடலோடிகள், 865-இல் பெரும்படையாக வந்திறங்கினர். 878-இல் ஆல்பிரெடு மன்னன் அவர்களை வென்றும், நாட்டின் வடக்கும் கிழக்கும் அவர்கள் வழக்குமுறைக்கே உட்பட்டிருந்தன. 1016-இல் தென்மார்க்கினனான கனூட்டு இங்கிலாந்து முழுமைக்கும் அரசனானான். 1042-இல் அவ்வாட்சி முடிந்தது. ஊர்ப்பெயர்களோ நின்றன. 'பி' என்பது வந்தவர் மொழியில் ஊரைக் குறிக்கும். கிரிம் என்பவனது ஊர் கிரிம்சுபி. கிரிம்சுடன் என்றும் ஊர்கள் உள்ளன. அதில் முன்பாதி வந்தவன் பெயர். பின்பாதி ஆங்கிலேயர் தம் ஊர்ச்சொல். போடிநாயக்கனூர் இந்த இரண்டாம் வகை. தலைவன் பெயர் மாறியது, 'ஊர்' மாறவில்லை.

இப்பள்ளத்தாக்கு அதற்கு முன் எழுத்தற்றுக் கிடந்த காடன்று. பத்தாம் நூற்றாண்டின் பாண்டியர் செப்பேடுகள் சின்னமனூரில் கிடைத்தன. மாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் மதுரையில் சங்கம் நிறுவப்பட்டதையும் கூறுவன அவையே. 1311-இல் மாலிக்காபூர் படையெடுப்பு, பின்னர் மதுரைச் சுல்தான்கள், 1370-ஐ ஒட்டி விசயநகரத்துக் கம்பணன் என அடிமேல் அடி விழுந்தது. 1529-இல் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சி தொடங்கினார். அவர்தம் தளவாய் அரியநாத முதலியார், ஒரு தமிழர், நாட்டை 72 பாளையங்களாக வகுத்தார் என்பது மரபு. பாளையக்காரர் திறை செலுத்தினர், படை தந்தனர், ஊர்க்காவல் பார்த்தனர். தெலுங்கும் கன்னடமும் பேசிய குடிகள் இங்கே நிலம் திருத்தி வேரூன்றின. 1736-இல் அரசி மீனாட்சியோடு நாயக்கர் ஆட்சி மறைந்தது.

மொழிக்கு நேர்ந்ததென்ன? ஆங்கிலம் வைக்கிங்குகளிடம் முட்டைக்கும், கத்திக்கும், வானுக்கும், சட்டத்துக்கும் சொல் வாங்கியது. 'அவர்கள்' என்பதற்கான 'தே' என்னும் சுட்டுப்பெயரையே வாங்கியது. தமிழுக்குள் துரை, சாவடி, இரவிக்கை, எச்சரிக்கை எனச் சில தெலுங்குச் சொற்கள் புகுந்தன. சாவடியில் துரை அமர்ந்தார். சொல்லும் அவருடன் அமர்ந்தது, அவ்வளவே. 'அவர்கள்' என்பதைத் தமிழ் எவரிடமும் இரந்து பெறவில்லை. இலக்கணம் வரம்பு கட்டிய மொழிக்கு அவ்வரம்பு காவலாயிற்று. அரசவையில் தெலுங்கும் சமற்கிருதமும் பெற்ற ஆதரவைத் தமிழ் பெறாமற் போனது வேறு இழப்பு, அதனை மறைப்பதற்கில்லை.

இன்னொரு வேறுபாடு பெரிது. இங்கிலாந்தில் வந்தவரும் இருந்தவரும் மணவுறவு கொண்டனர். இருவர் மொழியும் நெருங்கிய உடன்பிறப்பு. சில தலைமுறைகளில் வந்தவர் மொழி கரைந்தது. இங்கே குலக்கட்டு மணவுறவைத் தடுத்தது. ஆகவே கம்பத்திலும் சுற்றூர்களிலும் நானூறு ஆண்டுகட்குப் பின்னும் வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ ஒலிக்கிறது. வாசலைத் தாண்டினால் தமிழ். எழுதுவதும் கணக்கிடுவதும் தமிழிலேயே. அவ்வீட்டாரை இன்று அயலார் என்பது வரலாறு அறியாதார் பேச்சு. இதே மண்ணை உழுது, இதே வையைப் படுகையில் நீர் பாய்ச்சியவர்கள் அவர்கள்.

அவ்வீட்டுப் பிள்ளையும் அடுத்த வீட்டுத் தமிழ்ப் பிள்ளையும் இப்போது ஒரே ஊர்தியில் ஏறி ஆங்கிலவழிப் பள்ளிக்குச் செல்கின்றனர். வீட்டு மொழியின் பழஞ்சொல் ஒருவனுக்கு மறக்கிறது. தமிழெண் மற்றவனுக்கு மறக்கிறது. நாயக்கர் ஆட்சி இரு நூற்றாண்டுகளில் செய்யாத வேலை இது. 'அவர்கள்' என்று சொல்ல இருவரும் கற்பதோ, வைக்கிங்குகள் இங்கிலாந்தில் விட்டுச்சென்ற அந்தத் 'தே'.